நீலத்தை எடுத்துவிடவும்

பன்னிரண்டாயிரம் பீஸ், வெள்ளை,
நூற்றறுபது ஜிஎஸ்எம், நெஞ்சில் கொடி.
சாம்பிள் போனது. சரி என்றார்கள்.
நானூறு பீஸ் அடித்துக் காய்ந்தபின்
ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெயில்:
நீலத்தை எடுத்துவிடவும்.
இது பிரிட்டன். நாங்கள் கேட்டது இங்கிலாந்து.

சென்னியப்பனை எழுப்பிச் சொன்னேன்.
"ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார்,
"வெள்ளக்காரன்னா வெள்ளக்காரந்தானுங்?"
எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.
பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஆங்கிலேயர்,
புரட்டினால் பிரிட்டிஷார்;
எதை எழுதினாலும் மார்க் போட்டார்கள்.

காலையில் ஸ்கிரீனை மேசையில் சாய்த்து
அவருக்குச் சொன்னேன், எனக்கும் சேர்த்து:
நேர்ச் சிலுவை இங்கிலாந்து.
நீலமும் அதன்மேல் வெள்ளைப் பெருக்கலும் ஸ்காட்லாந்து.
சிவப்புப் பெருக்கல் அயர்லாந்து.
வேல்ஸா? அதற்கு இதில் இடம் விடவில்லை.
"கடைசிப் பங்காளியாட்டிருக்குது, பாவம்."
நீலச் ஸ்கிரீனைக் கழற்றி மூலையில் வைத்தார்.
சிவப்பில் பெருக்கலை மட்டும்
பழுப்பு டேப் ஒட்டி மறைத்தார்.
டீ வருவதற்குள் ஒரு ராஜ்யம் பிரிந்துவிட்டது.

மாசியில் இரண்டு பேர் வந்தார்கள்.
கிரஹாம், பையர். மோராக், டிசைனர்.
அவினாசி ரோட்டு ஓட்டலில்
பள்ளிபாளையம் சிக்கன் மூக்கை ஒழுகவைக்க
கிரஹாம் சொன்னார்: நான் இங்கிலீஷ்காரன்.
பிரிட்டிஷ் என்பது பாஸ்போர்ட்டில் இருக்கிறது.
சாம்ராஜ்யம் அவர்களுடையது. எங்கள் தெருவில்
நிலக்கரித் தூசி தின்று செத்தார்கள்.
மோராக் சிரித்தாள்:
முதலில் பிடித்ததே எங்களைத்தான்.

எங்கள் டெய்லர் அந்தோணியம்மாள் பிறந்த
வால்பாறை எஸ்டேட்டில் துரை பங்களாக் கல்லில்
'மெக்' என்று தொடங்கும் ஒரு பேர் உண்டு.
சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றினேன்.

பாகம் பிரிக்கையில் பார்த்திருக்கிறேன்.
கிணற்றில் நாள் முறை, தென்னைக்கு எண்ணிக்கை,
வண்டித்தடத்துக்கு மூன்றடி,
முழக்கயிறு போட்டு அளப்பார்கள்.
அப்பன் வாங்கின கடன் என்று
எவனாவது வாயெடுத்தால்
எல்லோருக்கும் சோலி வந்துவிடும்.

"நீங்கள் முதலில் தமிழா, இந்தியனா?"
பேமென்ட் அறுபது நாளா, தொண்ணூறா என்றேன்.

திரும்புகையில் குமரன் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது.
யார் குமரன்?
கொடியை விடாமல் பிடித்துக்கொண்டு அடிபட்டுச் செத்தவர்.
எந்தக் கொடி?
உங்களுடையது இல்லை.
கொஞ்சம் பொறுத்து, மெதுவாக:
அடித்தது இங்கிலீஷா, பிரிட்டிஷா?
அப்போது தொண்டை அடைத்தது எனக்குத்தான்.
உத்தரவு யாருடையதோ,
லத்தி பிடித்த கை இந்தப் பக்கத்துக் கை.
சிக்னல் விழுந்தது. நல்லவேளை.

அந்த நானூறையும்
காதர்பேட்டையில் எடைக்குப் போட்டோம்.
கண்ணபுரம் சந்தையில் ஒருவர்
ஐக்கிய ராஜ்யத்தை முழுசாக மாட்டிக்கொண்டு
காளையின் வாயைப் பிளந்து பல் பார்ப்பதை
போன வாரம் என் கண்ணால் பார்த்தேன்.
கொஞ்சம் தொளதொள. மற்றபடி பொருத்தம்.

நீலச் ஸ்கிரீனைச் சென்னியப்பன் நேற்றுத்தான் கழுவினார்.
பீய்ச்சப் பீய்ச்ச, காய்ந்து ஒட்டியிருந்தது விட்டுக்கொடுத்து,
தரைச் சரிவில் இறங்கி,
காம்பவுண்டு ஓட்டை வழியே
நொய்யலைக் கேட்டுக்கொண்டு போனது.

எப்போதாவது ஆபீசர்கள் வருவார்கள்
பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் பிடிக்க.
சாயப்பட்டறை பிரிண்டிங்கைக் காட்டும்,
பிரிண்டிங் வாஷிங்கைக் காட்டும்,
வாஷிங்காரர் பாலத்துக்கு அக்கட்டாலே கையை நீட்டுவார்.
கேட்டால் நானும் சொல்வேன்:
நம்ம கம்பெனி நீலம் இல்லீங்.
வேணும்னா ஆர்டர் ஷீட்டைப் பாருங்கோ,
எங்களுது செவப்பும் வெள்ளையும் மட்டுந்தான்.